பிள்ளைகளின் இளைப்பும் வீட்டுக் காற்றும்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

மார்கழி பிறந்தால் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்துக் குழந்தை மருத்துவர்களின் வாசலில் வீசிங் என்னும் மூச்சு இளைப்பு வந்த பிள்ளைகளோடு பெற்றோர் காத்திருப்பதைப் பார்க்கலாம். காரணம் என்னவென்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கிரஷர் தூசி என்பார் ஒருவர், மாம்பூ என்பார் மற்றொருவர், வாழைப்பழம் கொடுத்ததுதான் என்று பாட்டி சொல்வார். மருத்துவர் சீட்டில் 'டஸ்ட் அலர்ஜி' என்று இருக்கும். அதைப் படித்துவிட்டுச் சாலைப் புழுதி வராமல் சன்னல்களை அடைத்து, அடைத்த அறைக்குள்ளேயே கொசுவர்த்திச் சுருள் கொளுத்துகிற வீடுகள் நிறைய. பிள்ளைக்கு அன்றிரவும் இளைக்கும்.

எந்தப் பொருள் பிள்ளையின் மூச்சுக்குழலை என்ன செய்கிறது, எது முதன்மைக் காரணம், எது துணைக் காரணம், எதை நிறுத்தினால் பலன் கிடைக்கும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மூச்சுக்குழலுக்குள் நடப்பது

நுரையீரலுக்குள் கிளை கிளையாகப் பிரியும் மூச்சுக்குழல்களின் உட்புறம் மெல்லிய சளிச்சவ்வு இருக்கிறது. அதைச் சுற்றி மென்தசை வளையமிட்டிருக்கிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இந்தச் சவ்வு எப்போதும் கொஞ்சம் அழன்றே இருக்கும். நன்றாக ஓடி விளையாடும் நாளிலும் அப்படித்தான். இந்த நிலையில் ஏதாவது ஒன்று தூண்டிவிட்டால் மூன்று காரியங்கள் நடக்கின்றன.

1. தசை இறுகிக் குழலை நெரிக்கிறது. இது சில நிமிடங்களில் நடந்துவிடும்.
2. சவ்வு வீங்குகிறது. இதற்குச் சில மணி நேரம் ஆகும், வடிய நாள்கணக்காகும்.
3. கெட்டியான சளி சுரந்து மிச்சமிருக்கும் வழியையும் அடைக்கிறது.

குழலின் ஆரம் பாதியாகக் குறைந்தால் காற்று போவதற்கான தடை இரண்டு மடங்கு அல்ல, ஏறத்தாழ 16 மடங்கு கூடுகிறது. பெரியவரின் அகலமான குழலில் பொருட்படுத்தத் தேவையில்லாத வீக்கம், மூன்று வயதுப் பிள்ளையின் குறுகிய குழலில் மூச்சையே முட்டவைக்க இதுதான் காரணம். அதோடு கைக்குழந்தை நிமிடத்துக்கு 30, 40 முறை மூச்சு விடுகிறது. பெரியவர் 12 முதல் 20 முறை. உடல் எடைக்கு ஈடாகக் கணக்கிட்டால், அதே அறையில் அதே புகையைப் பிள்ளைதான் அதிகம் உள்ளிழுக்கிறது.

மருந்துகள் இரண்டு வகை என்பதையும் இங்கேயே புரிந்துகொள்ள வேண்டும். சால்பியூட்டமால் போன்ற நிவாரண மருந்து, இறுகிய தசையைத் தளர்த்தும். வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தை அடக்குவது புடெசொனைடு, ஃப்ளூட்டிகசோன் போன்ற தடுப்பு மருந்து. நெபுலைசர் வைத்தவுடன் பிள்ளை சிரித்து விளையாடுவதும் மறுநாள் இரவே திரும்ப இளைப்பதும், தசை தளர்ந்தும் வீக்கம் அப்படியே இருப்பதால்தான்.

இரண்டு வகை எதிரிகள்

காற்றில் வரும் தொல்லைகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதல் வகை, உறுத்தும் பொருள்கள். விறகுப் புகை, டீசல் புகை, பீடி சிகரெட் புகை, கல் தூசி, நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன், ஃபார்மலின் ஆவி, ரூம் ஸ்பிரே எல்லாம் இதில் அடங்கும். இவை யாருடைய மூச்சுக்குழலையும் எரிக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளையை முதலில் எரிக்கும். இதற்கு அலர்ஜி என்ற ஒன்று உடலில் இருக்கவேண்டிய தேவையே இல்லை.

இதில் துகளின் அளவு முக்கியம். 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களைப் பிஎம்10 என்றும், 2.5 மைக்ரானுக்கு உட்பட்டவற்றைப் பிஎம்2.5 என்றும் சொல்கிறார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாலைப் புழுதியிலும் கல் தூசியிலும் பெரும்பகுதி பருமனான துகள்கள். அவை மூக்கிலும் மேல் குழல்களிலும் தங்கி இருமலைக் கிளப்புகின்றன. எரியும் பொருளிலிருந்து வரும் புகைத் துகள்கள் மிக நுண்ணியவை, நேராகச் சிறு குழல்கள் வரை இறங்கிவிடும். நம் நாட்டின் 2009ஆம் ஆண்டு விதிப்படி பிஎம்2.5 ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அந்த வரம்பை 15ஆக வைத்தது. புகைபோக்கி இல்லாத சமையலறையில் விறகு எரியும்போது இந்த எண் பல நூறுகளைத் தொடும்.

இரண்டாம் வகை, ஒவ்வாமைப் பொருள்கள். இவை பெரும்பாலும் உயிருள்ளவற்றிலிருந்து வரும் புரதங்கள். விஷமில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு பிள்ளையின் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்தப் புரதத்தை எதிரியாகப் பதிவு செய்து, அதற்கென ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துவிட்டால், அடுத்தமுறை மிகச் சிறிய அளவே போதும்.

மருத்துவர் சீட்டில் எழுதும் 'டஸ்ட்' பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில் வரும் வீட்டுத் தூசிப்பூச்சியைத்தான் குறிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. கடிக்காது. அதன் எச்சத்தில் இருக்கும் புரதம்தான் தொல்லை. தண்ணீர் குடிக்கத் தெரியாத பூச்சி இது. காற்றில் உள்ள ஈரத்தை உடல் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே வெகுநாள் இருந்தால் பிழைக்காது. மழைக்காலத்தில் பெருகி, அது முடிந்த பின்னும் எச்சமாகத் தங்கியிருக்கும்.

இதோடு கரப்பான்பூச்சியின் எச்சமும் ஓட்டுத் துணுக்குகளும், ஈரச் சுவரின் பூஞ்சைக் காளான், பூனையின் எச்சிலும் செதிலும், காற்றில் பறக்கும் மகரந்தம் ஆகியவை இந்த வகையின் முக்கியமான உறுப்பினர்கள்.

மகரந்தத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பூச்சிகள் மூலம் மகரந்தச் சேர்க்கை நடக்கும் பூக்களின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, தூரம் பறக்காது. மாம்பூவும் ஓசூர் ரோஜாவும் அந்த வகை. தை மாதத்து இளைப்புக்கு மாந்தோப்பின் பூவைக் குறை சொல்வதில் பெரும்பாலும் நியாயம் இல்லை. அதே பருவத்தில் தோப்பில் அடிக்கும் மருந்தும் காலைப் பனியில் தேங்கும் புகையும்தான் அதிகம் சந்தேகிக்கத் தக்கவை. புல் வகைகள், சீமைக்கருவேலம், பார்த்தீனியம் இவற்றின் மகரந்தம் வேறு கதை. பெங்களூரு முதல் ஓசூர், சூளகிரி வழியாகச் சாலையோரமெங்கும் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து நிற்கும் பார்த்தீனியம், மூக்கொழுக்கையும் தோல் அரிப்பையும் இளைப்பையும் தூண்டுவதாக நன்கு அறியப்பட்ட செடி.

இரண்டும் சேர்ந்தால் கூட்டல் இல்லை, பெருக்கல்

புகை தனியாக வந்தால் ஓர் அளவு தொல்லை. ஒவ்வாமைப் பொருள் தனியாக வந்தால் ஓர் அளவு. இரண்டும் ஒரே நாளில் வந்தால் தொல்லை அந்த இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டிவிடுகிறது. காரணங்கள் தெளிவானவை.

1. புகையும் ஓசோனும் சளிச்சவ்வின் மேல்தோலைப் புண்ணாக்குகின்றன. செல்களுக்கு இடையே விரிசல் விழுகிறது. உள்ளே நுழைய முடியாமல் இருந்த புரதம் எளிதாக நுழைகிறது.
2. டீசல் புகைத்துகள் ஒவ்வாமைப் பொருளோடு சேர்ந்து மூக்கில் படும்போது, அந்தப் பொருளுக்கு எதிரான ஐஜிஇ பல மடங்கு அதிகமாகச் சுரப்பதை மனிதர்களிடம் செய்த சோதனைகளிலேயே கண்டிருக்கிறார்கள்.
3. பிள்ளைகளுக்கு வரும் ஆஸ்துமா தாக்குதலில் பெரும்பாலானவை சாதாரண ஜலதோஷ வைரஸோடு சேர்ந்தே வருகின்றன. சளி பிடிப்பதற்கு முந்தைய நாட்களில் நைட்ரஜன் டை ஆக்சைடை அதிகம் சுவாசித்த ஆஸ்துமாப் பிள்ளைகளுக்கு, அந்தச் சளியின்போது வரும் தாக்குதல் கடுமையாகிறது.

ஆக, 'நேற்றும் இதே மெத்தையில்தானே படுத்தான், நேற்று ஏன் வரவில்லை?' என்ற கேள்விக்குப் பதில் இதுதான். நேற்று மெத்தை மட்டும் இருந்தது. இன்று மெத்தையோடு லேசான சளியும், எதிர்வீட்டில் எரித்த குப்பையும் சேர்ந்துகொண்டன.

காற்றில் வரும் ஒவ்வாமைத் தூசி எவ்வளவு தூரம் கெடுதல் செய்யும் என்பதற்கு ஸ்பெயினின் பார்சிலோனா ஒரு பாடம். 1981 முதல் 1987 வரை அந்நகரில் சில குறிப்பிட்ட நாட்களில் மட்டும் மருத்துவமனைகளில் ஆஸ்துமா நோயாளிகள் குவிந்தார்கள். வாகனப் புகைதான் காரணம் என்று தேடிப் பார்த்தும் பொருந்தவில்லை. துறைமுகத்தில் கப்பலிலிருந்து சோயா மொச்சை இறக்கிய நாட்களோடுதான் அது பொருந்தியது. சேமிப்புக் கிடங்கின் வாயிலிருந்து பறந்த சோயாத் தூசி நகரம் முழுக்கப் பரவியிருந்தது. கிடங்குகளில் வடிகட்டி பொருத்தியதும், ஒரே நாளில் பலருக்கு வந்த அந்தத் தாக்குதல்கள் நின்றன. நோயாளிகளைத் தேடி ஓடுவதைவிடத் தூசி கிளம்பும் வாயை அடைப்பது எவ்வளவு பலன் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

ஏன் விடியற்காலை? ஏன் மார்கழி, தை?

ஒவ்வாமைப் பொருள் உள்ளே போனதும் அரை மணிக்குள் முதல் அலை வருகிறது. பலர் கவனிக்காமல் விடுவது இரண்டாம் அலையை. அது நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து வருகிறது. முதல் அலையில் இரண்டு இருமலோடு போய்விட்டதாக நினைத்திருப்போம். சாயங்காலம் பரணிலிருந்து பழைய சாமான் இறக்கியபோது பறந்த தூசிக்கு நள்ளிரவில் இளைப்பு வரும். இதோடு, அழற்சியை அடக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இரவில் உடலில் குறைந்துவிடுகிறது. விடிகாலை நான்கு மணிவாக்கில் யாருக்கும் மூச்சுக்குழல் கொஞ்சம் ஒடுங்கித்தான் இருக்கும். ஆஸ்துமாப் பிள்ளைக்கு அந்த ஒடுக்கமே போதும்.

பருவத்துக்கு வருவோம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கமெல்லாம் மலையும் பள்ளமுமான நிலம். மார்கழி இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழேயும், வெப்பமான காற்று மேலே மூடியாகவும் நின்றுவிடுகின்றன. அடுப்புப் புகை, லாரிப் புகை, சூளைப் புகை எதுவும் மேலே போக வழியில்லாமல் ஆள் உயரத்திலேயே தேங்குகிறது. வெயில் ஏறி எட்டு, ஒன்பது மணி ஆனால்தான் மூடி கலையும். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரமோ அதற்கு முன்னால்.

இதே நாட்களில்தான் பொங்கலுக்காக ஒட்டடை அடிக்கிறோம், சுவர் சுரண்டிச் சுண்ணாம்பு பூசுகிறோம், போகியன்று பழைய பாயையும் தலையணையையும் சில ஊர்களில் டயரையும் எரிக்கிறோம். ஓராண்டு சேர்ந்த தூசிப்பூச்சி எச்சம், பூஞ்சை, சுண்ணாம்புத் தூள், புகை எல்லாம் பத்து நாட்களுக்குள், காற்று அசையாத பருவத்தில் பிள்ளையின் மூக்கில் இறங்குகின்றன.

நம் மாவட்டங்களில் எது எங்கே இருக்கிறது

கீழே சொல்பவற்றைப் படிக்கும்போது ஒரு கணக்கை மனதில் வைக்க வேண்டும். புகை எவ்வளவு பெரியது என்பது பாதிதான். பிள்ளையின் மூக்கிலிருந்து அது எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்பது மீதிப் பாதி. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆலைப் புகைபோக்கியைவிடக் கட்டிலுக்கு அடியில் எரியும் சுருள் ஒரு பிள்ளைக்கு அதிகப் புகையைக் கொடுத்துவிட முடியும்.

1. கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் முழுதாய் எரிந்தால் வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. சுருள் ஏழெட்டு மணி நேரம் எரியும். பிள்ளை தூங்குவதும் அதே ஏழெட்டு மணி நேரம். கதவு சாத்திய பத்துக்குப் பத்து அறையில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தால் புகை கிளம்பும் இடத்துக்கும் மூக்குக்கும் இடையே நாலடி தூரம்கூட இருக்காது. வேப்பிலை போட்டு மூட்டும் புகையும், குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுத் தலைக்குக் காட்டும் சாம்பிராணியும், கப் சாம்பிராணியும் இதே கணக்கில்தான் வருகின்றன. இலை மூலிகையாக இருந்தாலும் எரிந்தால் புகை புகைதான்.

2. வெந்நீர் அடுப்பு. கேஸ் வந்த வீடுகளிலும் வாசலிலோ பின்கட்டிலோ குளிக்கும் தண்ணீருக்கு விறகு அடுப்பு இருக்கிறது. மார்கழிக் குளிரில் பிள்ளைகள் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து குளிர் காய்வார்கள். ஈர விறகு பற்றுவதற்காகப் பிளாஸ்டிக் கவரையோ பழைய செருப்பையோ உள்ளே செருகுவார்கள். பிள்ளை நாள் முழுக்க வாங்கும் புகையில் பெரும்பகுதி அந்த இருபது நிமிடத்தில் உள்ளே போய்விடக்கூடும்.

3. புளி. மாசி, பங்குனியில் தருமபுரி, கிருஷ்ணகிரிக் கிராமங்களில் திண்ணையெல்லாம் புளிதான். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டிக் கூலிக்குக் கொடுக்கும் வேலை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. நொறுங்கும் ஓட்டின் பழுப்புத் தூள் பெருக்கும்போது மேலே எழும். வேலை பார்க்கும் அம்மாவின் மடியிலோ பக்கத்துச் சாக்கிலோ பிள்ளை தூங்கும். புளியங்கொட்டை மாவின் தூசி ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா உண்டாக்கியதாக மருத்துவ உலகில் பழைய பதிவுகளே உண்டு. வேலையை விடச் சொல்ல முடியாது, அது வீட்டின் வருமானம். ஆனால் ஓடு உடைப்பதைக் காற்றோட்டமான வெளிக் கொட்டாய்க்கு மாற்றலாம். பெருக்குவதற்கு முன் தண்ணீர் தெளிக்கலாம். பிள்ளையைக் காற்று வரும் திசையில் படுக்கவைக்கலாம், காற்று போகும் திசையில் அல்ல.

4. பட்டுப்புழு வளர்ப்பு மனை. இரண்டு மாவட்டங்களுமே பட்டுக்கூடுக்குப் பேர் போனவை. மனையைக் கிருமிநீக்கம் செய்ய ஃபார்மலின், பிளீச்சிங் பவுடர் கரைசல்கள் தெளிக்கிறார்கள். புழு தோலுரிக்கும் பருவத்தில் படுக்கை மேல் நீற்றுச் சுண்ணாம்புத் தூள் தூவுகிறார்கள். இவை கடுமையாக உறுத்தும் பொருள்கள். புழுவின் எச்சமும் காய்ந்த இலைத்தூளும் படுக்கையைச் சுத்தம் செய்யும்போது பறக்கின்றன. அந்துப்பூச்சியின் இறக்கைச் செதில் வலுவான ஒவ்வாமைப் பொருள்தான், ஆனால் கூட்டை விற்றுவிடும் விவசாயி வீட்டில் அந்து வெளிவருவதில்லை. பட்டுப்புழு முட்டை உற்பத்தி நிலையங்களில் வேலை செய்வோர்தான் அதில் கவனமாக இருக்க வேண்டும், வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்க வேண்டும். மனை வீட்டோடு ஒட்டி இருந்தால் இடைக்கதவை மூடி, தெளிக்கும் நாளில் பிள்ளையை வேறு வீட்டில் விடுவது நல்லது.

5. குவாரி, கிரஷர், கிரானைட் பட்டறை. கிருஷ்ணகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டை பகுதிகளில் இது பெரிய பிரச்சினை. தண்ணீர் தெளிக்காமல் ஓடும் கிரஷரும் தார்ப்பாய் மூடாமல் போகும் டிப்பரும் சாலையோர வீடுகளில் மாவு கொட்டியதுபோல் தூசியைப் படியவைக்கின்றன. கல் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் வேறு நோய், அது பல ஆண்டுகள் உள்ளே வேலை செய்பவர்களுக்கு வருவது. பிள்ளைக்குக் கல் தூசி செய்வது உறுத்தல். இருக்கும் ஆஸ்துமாவை அது கிளறிவிடுகிறது.

6. நெடுஞ்சாலை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகத் தொப்பூர்க் கணவாய் வரை செல்லும் சாலையில் லாரிகள் நின்று கிளம்பும் இடங்களில் டீசல் புகை அதிகம். சுங்கச்சாவடி, ஏற்றம், சிக்னல் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். சாலையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிப்போனாலே நைட்ரஜன் டை ஆக்சைடும் கரித்துகளும் வெகுவாகக் குறைந்துவிடும். சாலையை ஒட்டிய பள்ளியில் விளையாட்டு வகுப்பைச் சாலையோர மைதானத்தில் வைக்காமல் கட்டடத்தின் மறுபுறம் மாற்றுவதுகூடப் பயன் தரும்.

செங்கல் சூளை, வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டாய், கரும்புச் சோகை எரிப்பு இவையும் பருவத்துக்குப் பருவம் சேர்ந்துகொள்ளும்.

கைப்பேசியில் காட்டும் காற்றுத் தர எண்ணை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். அது கண்காணிப்பு நிலையம் இருக்கும் இடத்துக் காற்று. 50 வரை நல்லது, 51 முதல் 100 வரை பரவாயில்லை, 200க்கு மேல் மோசம் என்று அதன் அளவுகோல் சொல்கிறது. ஆனால் நம் பின்கட்டு அடுப்பும் படுக்கையறைச் சுருளும் அந்த எண்ணில் வருவதில்லை.

உங்கள் பிள்ளைக்கு எது? கண்டுபிடிக்கும் வழி

நூறு பொருளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று விலையுயர்ந்த பட்டியலைச் செய்துவிட்டு, அதில் 'பாசிட்டிவ்' என்று வந்த உணவையெல்லாம் நிறுத்துவது தவறான தொடக்கம். ஐஜிஇ இருப்பது ஒன்று, அதனால் நோய் வருவது வேறொன்று. முட்டையும் தயிரும் பழமும் காரணமில்லாமல் நிறுத்தப்பட்டு எடை குறைந்துபோன பிள்ளைகள்தான் அதன் மிச்சம். தோலில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் சோதனையோ ரத்தச் சோதனையோ, கீழ்க்கண்ட குறிப்பேட்டுடன் சேர்ந்தால்தான் பொருள் தரும்.

ஒரு நோட்டில் நான்கு வாரம் தினமும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: இரவில் இருமினானா, எத்தனை மணிக்கு, நிவாரண மருந்து எத்தனை முறை, சளி, காய்ச்சல் உண்டா, வீட்டில் அன்று எரித்தது, பெருக்கியது, தெளித்தது என்ன, பிள்ளை எங்கே இருந்தான். பிறகு இப்படிப் படிக்கலாம்.

- பாட்டி ஊருக்குப் போனால் இரண்டு மூன்று நாளில் சரியாகி, திரும்பி வந்த இரவே வந்தால் காரணம் வீட்டுக்குள் இருக்கிறது.
- விடுமுறையில் இல்லாமல் பள்ளி நாட்களில் மட்டும் வந்தால் வகுப்பறை, வேன், சாலை இவற்றைப் பாருங்கள்.
- படுக்கையில் விழுந்ததும் தும்மல், மூக்கடைப்பு, பிறகு இருமல் என்றால் தூசிப்பூச்சி.
- மழை விட்ட சில வாரங்களில் கண் அரிப்போடு வந்தால் மகரந்தம் அல்லது பூஞ்சை.
- புகை பட்ட சில நிமிடங்களில் இருமி, வெளியே போனதும் தணிந்தால் உறுத்தல்.

ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் கருவி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பிள்ளையின் சொந்த உச்ச அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை, 50க்குக் கீழே இறங்கினால் ஆபத்து.

எதை முதலில் செய்வது

செலவு குறைந்து பலன் கூடிய வரிசையில் சொல்கிறேன்.

1. சுருளை இன்றே நிறுத்திக் கொசுவலை கட்டுங்கள். சன்னலுக்கு வலை அடித்தால் சாயங்காலமும் காற்று வரும். திரவக் கொசுவிரட்டியில் புகை இல்லை என்றாலும் அதன் ஆவியே சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது.
2. வீட்டில் புகைபிடிப்பவர் வாசலுக்குப் போய்ப் பிடிப்பது போதாது. சட்டையிலும் முடியிலும் அது ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். முழுக்க விடுவதுதான் மருந்து.
3. இலவம்பஞ்சு மெத்தையைவிடக் கோரைப்பாய் நல்லது. மெத்தைதான் வேண்டும் என்றால் ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த உறை போடுங்கள். விரிப்பு, போர்வை, தலையணை உறை வாரம் ஒருமுறை 55 முதல் 60 டிகிரி வெந்நீரில் ஊற வேண்டும். வெப்பமானி தேவையில்லை: தளதளவென்று கொதித்த தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சம அளவு கலந்தால் ஏறத்தாழ அந்தச் சூடு வரும். மூடிவைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். வெறும் வெயிலில் போட்டால் பூச்சி சாகும், எச்சப் புரதம் அழியாது.
4. துடைப்பத்தால் உலர்வாகப் பெருக்கினால் தூசி இடம் மாறுமே தவிரப் போகாது. ஈரத்துணியால் துடையுங்கள். எப்படியும் பெருக்கத்தான் வேண்டும் என்றால் பிள்ளை வெளியே இருக்கும்போது பெருக்கி அரை மணி நேரம் கழித்து உள்ளே விடுங்கள்.
5. ஒட்டடை அடிக்கும் நாளில் ஆஸ்துமாப் பிள்ளையை உறவினர் வீட்டில் விட்டுவிடுங்கள். அன்றிரவும் அங்கேயே தூங்கட்டும்.
6. ஈரம் ஊறும் சுவரில் கறுப்புப் புள்ளி பூத்திருந்தால் மேலே பெயிண்ட் அடித்து மறைக்காமல் ஒழுகும் இடத்தை முதலில் அடையுங்கள்.
7. பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். காய்ந்ததை வீட்டருகே எரிக்க வேண்டாம்.

சில செலவுகள் வீண். துணி முகக்கவசம் நுண்துகளைத் தடுக்காது. ஓசோன் வெளியிடும் 'ஏர் ஐயனைசர்' கருவி ஆஸ்துமாவுக்குக் கெடுதலே செய்யும். சின்னக் குழந்தையின் நெஞ்சில் கற்பூரம் தடவுவதும் கொதிக்கும் நீரில் ஆவி பிடிக்கவைப்பதும் ஆபத்து. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும், ஆவிப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் பிள்ளைகளும் உண்டு.

காற்றைச் சுத்தம் செய்தால் மருந்து வேண்டாமா?

வேண்டும். அழன்ற சவ்வு தணியத் தடுப்பு இன்ஹேலர் தினமும் தேவை. இருமல் நின்றதும் பெற்றோர் தாங்களாகவே அதை நிறுத்துவது அடுத்த தாக்குதலுக்கு ஒரு முக்கியமான காரணம். 'இன்ஹேலர் பழக்கமாகிவிடும்' என்பதில் உண்மை இல்லை. மாத்திரையாகக் கொடுக்கும் ஸ்டீராய்டு மில்லிகிராம் கணக்கு, இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கு. ஒரு மில்லிகிராமில் ஆயிரம் மைக்ரோகிராம்.

கொடுக்கும் முறையில்தான் பாதி மருந்து வீணாகிறது. சிறு பிள்ளைக்கு இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாய் கட்டாயம், நான்கு வயதுக்குக் கீழ் முகமூடியுடன். இன்ஹேலரைக் குலுக்கி, முகமூடியை இடைவெளியில்லாமல் பதித்து, ஒரு முறை அழுத்தி, ஐந்தாறு மூச்சு இயல்பாக விடட்டும். இரண்டாவது முறை வேண்டுமென்றால் அரை நிமிடம் கழித்து மீண்டும் குலுக்கி அழுத்துங்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மருந்து சுவரில் ஒட்டிப்போகும். அழும் பிள்ளைக்கு உள்ளே போவது மிகக் குறைவு. தடுப்பு மருந்துக்குப் பின் வாய் கொப்பளிக்கவேண்டும். ஸ்பேசரைப் பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்த நீரில் அலசி, துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி மருந்தை உள்சுவர் இழுத்துக்கொள்ளும். ஸ்பேசர் கையில் இல்லாத அவசரத்தில் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்தும் ஓட்டை போட்டுப் பயன்படுத்தலாம். தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளிடம் சோதித்து, கடையில் விற்கும் ஸ்பேசருக்கு அது ஈடாகும் என்று கண்டிருக்கிறார்கள்.

வெளிக் காற்றுக்கு யாரிடம் கேட்பது

கிரஷர், சூளை, குப்பை எரிப்பு இவற்றை ஒரு வீடு தனியாகத் தடுக்க முடியாது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் ஒரு நகல் போகட்டும். 'தூசி தாங்கவில்லை' என்று மட்டும் எழுதினால் கோப்பு நகராது. எந்த இயந்திரம், எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, காற்று எந்தத் திசையில் வீசியது, தண்ணீர்த் தெளிப்பான் ஓடியதா, கன்வேயருக்கு மூடி உண்டா, லாரிக்குத் தார்ப்பாய் உண்டா என்று எழுதி, தேதி தெரியும் படங்களோடு நாலைந்து வீட்டார் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அந்த ஆலைக்கு வாரியம் கொடுத்த ஒப்புதல் ஆணையில் இருக்கும் நிபந்தனைகளின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிவிட்டால், எந்த நிபந்தனை மீறப்பட்டது என்று எண் போட்டுச் சுட்டலாம்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

விலா எலும்புகளுக்கு இடையிலும் தொண்டைக்குழியிலும் தோல் உள்வாங்குவது, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் சொல்சொல்லாகத் திக்குவது, உதடு நீலம் பாய்வது, பிள்ளை சோர்ந்து மயங்குவது, நிவாரண மருந்து கொடுத்தும் தணியாமல் இருப்பது அல்லது தணிந்து நான்கு மணி நேரத்துக்குள் திரும்ப வருவது. ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளை அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 40க்கு மேல் மூச்சு விட்டாலும் தாமதிக்கக்கூடாது. இளைப்புச் சத்தம் நின்றுபோய்ப் பிள்ளை இன்னும் திணறினால், தேறிவிட்டான் என்று எண்ணாதீர்கள். காற்றே போகாததால்தான் சத்தம் வரவில்லை.

108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை மருத்துவர் எழுதித் தந்த அளவில் நிவாரண மருந்தை ஸ்பேசர் மூலம் கொடுத்துக்கொண்டே இருங்கள். பிள்ளையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது இன்ஹேலர்களையும் அந்தக் குறிப்பு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக எப்போது, எத்தனை முறை மருந்து அழுத்தினீர்கள் என்பதுதான் அங்கே முதலில் கேட்கப்படும்.